அக்காவின் முதல் ஓட்டம்: எதில் பெயர் கொடுப்பது?

"தம்பி, ஜனவரியில ஓடப் போறேன்னு அபார்ட்மென்ட் குரூப்ல சொல்லிட்டேன். எதுல பேர் குடுக்கிறதுன்னு நீதான் பாத்துச் சொல்லணும்."

போன மாதம் அக்கா போனில் இப்படித்தான் ஆரம்பித்தாள். அவளுக்கு 47 வயது. தாம்பரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. ஆறு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறாள். தினமும் காலையில் நாற்பது நிமிடம் வேகமாக நடக்கிறாள், ஆனால் ஓட்டம் என்பது பள்ளிக்கூட நாட்களோடு நின்றுபோன விஷயம். கூட ஓடப்போவது அவள் மகன், பதினொரு வயது. அவன் முதல் ஐநூறு மீட்டரைப் புயலாகக் கடந்துவிட்டு அப்புறம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வயது.

நான் எட்டு ஒன்பது வருடமாக ஓடுகிறேன். வேகக்காரன் இல்லை. ஆனாலும் சென்னையிலும் வெளியிலும் பல ஓட்டங்களில் பின்வரிசையிலிருந்து பார்த்திருக்கிறேன். அதனால் அக்காவுக்காக உட்கார்ந்து யோசித்ததை அப்படியே இங்கே எழுதுகிறேன். அவளைப் போல் முதல்முறை பெயர் கொடுக்க நினைக்கிற பலரும் மெடலையும் டி-ஷர்ட்டையும் கட்டணத்தையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறொன்றை. அதற்கு வருகிறேன்.

அவள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன.

முதலாவது, நகரத்தின் பெரிய மாரத்தானில் பத்து கிலோமீட்டர் பிரிவு. சென்னை ரன்னர்ஸ் அமைப்பு ஜனவரித் தொடக்கத்தில் நடத்தும் சென்னை மாரத்தான்தான் அவள் மனதில் இருந்தது. 2006-இல் சில நண்பர்கள் கூடி ஓட ஆரம்பித்த குழு அது. இன்று நகரத்தின் பல பேட்டைகளில் கிளைக்குழுக்கள் வைத்து வாரம் முழுக்க ஓடுகிறார்கள். நேப்பியர் பாலத்தருகே இருட்டில் ஆயிரக்கணக்கானவர்கள் நிற்க, பறை முழங்கி, கடற்கரைச் சாலை முழுக்க நமக்கே நமக்கென்று கிடைக்கிற அந்த அரை மணி நேரத்தை வாழ்க்கையில் ஒருமுறையாவது அனுபவிக்க வேண்டும். சாலை நடுவில் வண்டி பயமில்லாமல் ஓடும்போது நம் ஊரே வேறு ஊராகத் தெரியும். ஏற்பாடும் பலமாக இருக்கும். இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை தண்ணீர், ஆம்புலன்ஸ், பிசியோதெரபிஸ்டுகள், எண் அட்டையில் ஒட்டிய சிப். இந்த சிப் பற்றி ஒரு வார்த்தை: நாம் தொடக்கக் கோட்டில் விரித்திருக்கும் பாயை மிதிக்கிற நொடியிலிருந்துதான் நம் நேரம் கணக்காகும். அதனால் கூட்டத்தில் பின்னால் நிற்கிறோமே என்று பதற வேண்டியதில்லை.

ஆனால் அக்காவுக்கு இது இப்போது சரிவராது என்று சொன்னேன். பத்து கிலோமீட்டருக்கே கட்டணம் ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. எண் அட்டை வாங்க முந்தின நாளோ அதற்கு முந்தின நாளோ அடையாள அட்டையோடு ஒருமுறை போய்வர வேண்டும். விடியலுக்கு முன் தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு வந்து சேர வேண்டும். மெட்ரோ ரயிலை மாரத்தான் அன்று அதிகாலையிலேயே ஓட்டியதுண்டு, ஆனால் தாம்பரத்துக்காரர்களுக்கு மெட்ரோவைப் பிடிக்கவே ஒரு வண்டி வேண்டும். இதையெல்லாம்கூட சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது இரண்டு. பல பத்து கிலோமீட்டர் போட்டிகளில் வயது வரம்பு உண்டு, பதினொரு வயதுப் பையனைச் சேர்க்க மாட்டார்கள். அடுத்தது கட்-ஆஃப், அதாவது ஓடி முடிக்க வேண்டிய நேர வரம்பு. பத்து கிலோமீட்டருக்குப் பொதுவாக ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வைப்பார்கள். அக்காவின் நடை கிலோமீட்டருக்குப் பதினொரு நிமிடம். அந்த வேகம் கடைசிவரை குறையாமல் நின்றால்தான் 110 நிமிடம். கழிவறை வரிசையில் பத்து நிமிடம் போனால் கணக்கு உடைந்துவிடும். முதல் ஓட்டத்தில் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஓட வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

இரண்டாவது வழி ஆரோவில். பிப்ரவரியில் நடக்கும் அந்த மாரத்தான் 2008-இல் தொடங்கியது. தார்ச்சாலை இல்லை, செம்மண் காட்டுப்பாதை. முதலிடம் இரண்டாமிடம் கிடையாது, பரிசும் கிடையாது. ஓடுகிற சந்தோஷத்துக்காக மட்டும் ஓடுங்கள் என்பதுதான் அவர்கள் கொள்கை. வேப்பமரமும் முந்திரித் தோப்புமாக நிழலில் போய்க்கொண்டே இருக்கலாம். ஒருமுறை ஓடிவிட்டு வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றியபோது சாக்ஸின் ஒவ்வொரு இழையிலும் அந்தச் சிவப்பு ஏறியிருந்தது. மூன்று முறை துவைத்தும் முழுதாகப் போகவில்லை. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

மனதுக்கு மிகப் பிடித்த ஓட்டம் எது என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன். ஆனால் குறைந்த தூரமே பத்து கிலோமீட்டர். பதிவு சீக்கிரம் நிரம்பிவிடும். சனிக்கிழமையே போய்ப் புதுச்சேரிப் பக்கம் தங்க வேண்டும், அறை வாடகையைச் சேர்த்தால் செலவு எங்கேயோ போய்விடும். வேர்களும் குழிகளும் உள்ள பாதையில், அதுவும் சர்க்கரை உள்ளவர்கள், காலைப் பதம் பார்த்துக்கொள்ளக் கூடாது. அடுத்த வருடத்துக்கு அடுத்த வருடம் போகலாம் என்று சொல்லிவைத்தேன்.

மூன்றாவது வழியை அக்கா ஒரு வழியாகவே எண்ணவில்லை. தமிழக அரசின் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம். 2023 நவம்பர் 4-ஆம் தேதி தொடங்கியது. 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அடையாளப் பலகை வைத்திருக்கிறார்கள். எட்டு கிலோமீட்டர் என்பது பத்தாயிரம் காலடி என்ற கணக்கில் வந்தது. சென்னையில் பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம். மாதத்தின் முதல் ஞாயிறன்று சேர்ந்து நடப்பார்கள், சுகாதாரத் துறையின் முகாமில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பார்கள்.

"அது நடைதானே, ஓட்டம் இல்லையே?" என்றாள்.

நடை என்பதால்தான் அது அவளுக்குத் தேவை. கட்டணம் இல்லை, பதிவு இல்லை, கட்-ஆஃப் இல்லை. வேண்டுமென்ற இடத்தில் ஓடலாம், மூச்சு வாங்கினால் நடக்கலாம், நான்கு கிலோமீட்டரில் போதுமென்று திரும்பி வந்தாலும் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. மற்றவர்களோடு சேர்ந்து காலை ஆறு மணிக்கு ஒரு இடத்தில் இருப்பது எப்படி இருக்கிறது, பையன் எவ்வளவு தூரத்தில் 'போதும்மா' என்கிறான், தண்ணீர் எப்போது தேவைப்படுகிறது என்பதெல்லாம் காசு செலவில்லாமல் தெரிந்துவிடும். இதை ஒத்திகையாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். குறை என்னவென்றால், கோட்டைத் தாண்டும்போது கைதட்ட ஆள் இருக்காது, கழுத்தில் போட மெடல் இருக்காது. பதினொரு வயதுக்காரனுக்கு அது பெரிய குறைதான். அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

நான்காவது, பேட்டை ஓட்டம். குடியிருப்போர் நலச் சங்கமோ ரோட்டரி, லயன்ஸ் சங்கமோ ஒரு பள்ளியோ நடத்துவது. மூன்று கிலோமீட்டர், ஐந்து கிலோமீட்டர், சிலவற்றில் பத்தும் உண்டு. கட்டணம் முந்நூறிலிருந்து அறுநூறுக்குள். காலை ஆறு மணிக்கு ஜும்பா, ஆறரைக்குக் கொடியசைப்பு, எட்டு மணிக்கு இட்லி பொங்கல். பெரும்பாலும் ஏதாவது நல்ல காரியத்துக்கு நிதி திரட்டுவார்கள். தாத்தா பாட்டியும் வருவார்கள், தள்ளுவண்டியில் குழந்தையும் வரும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுகிறவரும் இருப்பார். ஃபன் ரன் என்ற பெயருக்கு முழுதாகப் பொருந்துவது இதுதான்.

அக்காவுக்கு இதைத்தான் சொன்னேன். ஆனால் எந்தப் பேட்டை ஓட்டம் என்பதில் ரொம்பக் கவனமாக இருந்தேன். காரணம் இருக்கிறது.

இரண்டு வருடம் முன்பு அம்மாவை ஓர் ஐந்து கிலோமீட்டருக்குக் கூட்டிப்போனேன். எங்கே, யார் நடத்தியது என்பது வேண்டாம். அம்மாவுக்கு அப்போது 67 வயது. முழங்கால் வலி இருந்தும் ஒரு மாதம் மொட்டை மாடியில் நடந்து பழகியிருந்தார். சேலைக்கு மேல் டி-ஷர்ட் போட்டு, அதில் எண் அட்டையை நான்கு பக்கமும் ஊக்கு குத்தி, கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கிளம்பினார். முதல் இரண்டு கிலோமீட்டர் சந்தோஷமாகப் போனது. மூன்றரை கிலோமீட்டரில் தண்ணீர் மேசை இருக்க வேண்டிய இடத்துக்கு வந்தபோது, ஒரு பையன் மேசையை மடக்கிக்கொண்டிருந்தான். கேன் காலி. பக்கத்தில் இன்னொருவர் பேனரை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். தடுப்புக் கூம்புகளை எடுத்துவிட்டதால் பேருந்துகள் எங்களை உரசிப் போக ஆரம்பித்தன. திருப்பத்தில் அம்புக்குறி இல்லை, ஒரு டீக்கடைக்காரர்தான் வழி சொன்னார்.

"முடிஞ்சிடுச்சாப்பா?" என்று அம்மா கேட்டார்.

இல்லம்மா, இன்னும் இருக்கு என்றேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது 70 நிமிடம்தான் ஆகியிருந்தது. காற்றடைத்த நுழைவு வளைவு தரையில் சுருங்கிக் கிடந்தது, அதன் மேல் ஒருவர் உட்கார்ந்து காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தார். மெடல் தீர்ந்துவிட்டது, கூரியரில் அனுப்புகிறோம் என்றார்கள். வரவே இல்லை. அம்மா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எண் அட்டையை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். வீடு வரும்வரை பேச்சே இல்லை. அவர் கட்டிய கட்டணமும் முதலாவதாக வந்த இளைஞன் கட்டிய கட்டணமும் ஒன்றுதான். அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

அன்றிலிருந்து எந்த ஓட்டத்தையும் நான் எடைபோடுவது இந்த ஒன்றை வைத்துத்தான்: கடைசியாக வருகிறவரை அவர்கள் எப்படி நடத்துகிறார்கள்?

இதைச் சரியாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் சித்தி மகள் சனிக்கிழமை தோறும் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் பார்க்ரன் போகிறாள். 2004 அக்டோபர் 2-ஆம் தேதி லண்டனில் புஷி பூங்காவில் 13 பேர் ஓடித் தொடங்கிய விஷயம் அது, இப்போது பல நாடுகளில் நடக்கிறது. வாரா வாரம், ஐந்து கிலோமீட்டர், கட்டணம் இல்லை, மெடலும் இல்லை. அதில் ஒரு ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். ஒவ்வொரு வாரமும் ஒரு தன்னார்வலர் எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவார். எவ்வளவு மெதுவாக நடந்தாலும் கடைசி ஆள் அவர்தான், அதனால் வந்தவர்களில் வேறு யாரும் கடைசி ஆவதில்லை. வெளிநாட்டில் இருக்கும் தமிழர்கள் பக்கத்தில் இது நடக்கிறதா என்று பார்த்துவிட்டு, நடந்தால் வேறெதையும் யோசிக்காமல் இதற்கே போகலாம். ஒருமுறை பெயர் பதிந்து பார்கோடு எடுத்துக்கொண்டால் போதும்.

நம் ஊரில் அப்படி ஒருவர் இருப்பாரா என்பதை நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அக்கா அனுப்பிய மூன்று பேட்டை ஓட்டங்களின் எண்களுக்கும் நானே போன் செய்தேன். ஐந்து கிலோமீட்டரில் கடைசித் தண்ணீர் மேசை எத்தனை மணிவரை இருக்கும்? கடைசியாக வருபவர் பின்னால் உங்கள் ஆள் யாராவது வருவாரா? பெயர் கொடுத்த எண்ணிக்கைக்கு மெடல் இருக்கிறதா, அல்லது முதலில் வருபவர்களுக்கா? இவ்வளவுதான் கேட்டேன். முதல் இடத்தில் "அதெல்லாம் ஸ்பாட்ல பாத்துக்கலாம் சார்" என்றார்கள். இரண்டாவது இடத்தில் பேசியவர் ஸ்பான்சர் பெயர்களை வரிசையாகச் சொன்னாரே தவிர தண்ணீர் பற்றிச் சொல்லவில்லை. மூன்றாவது இடத்தில் போனை எடுத்தவர் ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி. "எட்டே கால் வரைக்கும் டேபிள் இருக்கும்பா. பின்னாடி எங்க காலேஜ் பசங்க ரெண்டு பேர் சைக்கிள்ல வருவாங்க, அவங்க வந்தப்புறம்தான் கோனை எடுப்போம். யார் வர்றது, வயசானவங்களா?" என்று திருப்பிக் கேட்டார். அங்கேயே முடிவாகிவிட்டது. பொங்கல் கழிந்து வரும் ஞாயிறு.

தூரத்தில் அக்காவுக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம். மூன்று கிலோமீட்டர் போதும் என்று மாமா சொன்னார். அக்கா தினமும் நடக்கிற தூரமே அதைவிட அதிகம், அதற்கு எண் அட்டை குத்திக்கொண்டு போனால் அவளுக்கே திருப்தி இருக்காது. ஐந்து என்பது சரியான அளவு. எவ்வளவு தூரம் என்று தெரியாதவர்களுக்கு: நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை போய், திரும்பி மாநிலக் கல்லூரி எதிர்ப்புறம் வரை வந்தால் ஏறத்தாழ ஐந்து. ஒரு ஞாயிறு காலை போய் நடந்து பார்த்தால் பயம் பாதி போய்விடும்.

பயிற்சிக்குப் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம். உலகம் முழுக்கப் புதியவர்கள் பின்பற்றுகிற ஒன்பது வாரத் திட்டம் ஒன்று இருக்கிறது, 1996-இல் ஜோஷ் கிளார்க் என்பவர் எழுதியது. வாரம் மூன்று நாள். முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் வேகநடை, பிறகு 60 நொடி மெல்லோட்டம், 90 நொடி நடை என்று மாறி மாறி இருபது நிமிடம். போகப் போக ஓட்டம் நீளும், நடை குறையும். நவம்பரில் தொடங்கினால் நம் ஊரில் ஒன்பது வாரம் ஒன்பதாக இருக்காது, வடகிழக்குப் பருவமழை இரண்டு வாரத்தையாவது எடுத்துக்கொள்ளும். பதினொன்று என்று வைத்துக்கொண்டால் பொங்கலுக்குச் சரியாக வரும். மழை நாளில் படிக்கட்டு ஏறி இறங்கலாம். ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம்.

சர்க்கரை விஷயத்தை மட்டும் நான் சொன்னதோடு விடவில்லை, அவள் மருத்துவரிடமே போகச் சொன்னேன். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு ஓடும்போது சர்க்கரை சட்டென்று இறங்கும் ஆபத்து குறைவு. கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு அந்த ஆபத்து உண்டு. அக்கா எடுப்பது மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சேர்ந்த மாத்திரை. அன்று காலை மாத்திரையை எப்போது போடுவது, வெறும் வயிற்றில் ஓடலாமா, எவ்வளவு இருந்தால் ஓடக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தாள். இடுப்புப் பையில் குளுக்கோஸ் பாக்கெட் கட்டாயம். கை நடுங்கினாலோ, குப்பென்று வியர்த்து மயக்கம் வருவதுபோல் இருந்தாலோ நின்று அதை வாயில் போட வேண்டும், முடிவுக்கோட்டைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். புது ஷூவை அன்றைக்கென்று எடுத்துவைக்காமல் இப்போதே போட்டுப் பழக வேண்டும். ஓடி முடித்து வந்ததும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், சர்க்கரை உள்ளவர்களுக்குக் கொப்புளம் வலிக்காமலேயே இருக்கக்கூடும்.

பையனுக்கு ஒரே ஒரு விதி: அம்மாவை விட்டு முன்னால் போகக்கூடாது. அதற்கு அவன் சம்மதிக்க இரண்டு நாள் ஆனது. மெடல் உண்டு என்று உறுதியான பிறகுதான் சரி என்றான்.

டிசம்பர் முதல் ஞாயிறு பெசன்ட் நகரில் மூன்று பேரும் நடக்கப் போகிறோம். பேட்டை ஓட்டத்துக்கான படிவத்தை நேற்று ராத்திரி அக்கா நிரப்பி எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். அவள் பெயர், ஐந்து கிலோமீட்டர், டி-ஷர்ட் எல். பையன் பெயர், ஐந்து கிலோமீட்டர், டி-ஷர்ட் எஸ். கீழே மூன்றாவதாக அம்மாவின் பெயர் இருந்தது. மூன்று கிலோமீட்டர், டி-ஷர்ட் எக்ஸ்எல், சேலைக்கு மேல் போட வசதியாக.

"அம்மாகிட்ட கேட்டியா?" என்றேன்.

"அவங்கதான் கேட்டாங்க. பின்னாடி சைக்கிள்ல பசங்க வருவாங்கன்னு சொன்னேன், உடனே சரின்னுட்டாங்க. நீ எங்ககூட ஓட வேண்டாம் தம்பி. அம்மாகூட நட."

எனக்கும் மூன்று கிலோமீட்டரிலேயே பெயர் கொடுத்துவிட்டேன்.